வெள்ளைக்காரன் நம்மை வளர்த்தானா? கடலூர் மாவட்டத்தில் கிடைக்கும் பதில்

"வெள்ளைக்காரனே இருந்திருக்கலாம், ரயில் விட்டான், அணை கட்டினான், ஒழுங்காக ஆண்டான்" என்று டீக்கடையில் சொல்லும் பெரியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே கடையில், "நம்மிடமிருந்து 45 டிரில்லியன் டாலர் கொள்ளையடித்துப் போனான்" என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டும் இளைஞர்களையும் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்தில் காலனி ஆட்சிப் பாடம் நடக்கும்போது பிள்ளைகள் இரண்டையும் வீட்டுக்குக் கொண்டு வந்து, எது சரி என்று கேட்கிறார்கள்.

இதற்குப் பதில் தேட லண்டன் வரை போக வேண்டியதில்லை. காடாம்புலியூரில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் பண்ருட்டி, மறுபக்கம் வடலூரும் நெய்வேலியும். கிழக்கே கடலூர், தென்கிழக்கே பரங்கிப்பேட்டை. எல்லாம் பஸ்ஸில் போய் அன்றே திரும்பி வரக்கூடிய தூரம்தான். பிரிட்டன் எப்படிப் பணக்கார நாடானது, அதில் நம் பங்கு என்ன என்ற கணக்கின் பல பக்கங்கள் இந்தச் சிறிய வட்டத்துக்குள்ளேயே கிடக்கின்றன.

துணியும் பீரங்கியும்

1690ல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியை ஆண்ட மராட்டியரிடமிருந்து கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் என்பதற்கு ஒரு விசித்திரமான அளவுகோல் வைத்தார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும். குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம். அதற்காகவே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சென்னையிலிருந்து வரவழைத்தார்கள். அப்படி வந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்று பெயர். கடலூரில் குண்டு உப்பலவாடி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கணக்கில் வந்த பெயர் என்றே ஊரில் சொல்வார்கள்.

கம்பெனி இங்கே வந்தது துணிக்காக. கடலூர், புதுச்சேரி, பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் அவுரிச் சாயம் தோய்த்த நீலத்துணி அன்று உலகச் சந்தையில் பெயர் பெற்றது. ஐரோப்பியர் அதைக் 'கினியாத் துணி' என்றார்கள். கினியா என்பது மேற்கு ஆப்பிரிக்கக் கரை. அங்கே அடிமைகளை வாங்க, காசுக்குப் பதிலாக இந்தத் துணியைக் கொடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்ட மனிதர்கள் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள். அந்தச் சர்க்கரையின் லாபம் பிரிட்டனுக்குப் போனது. நம்மூர் நெசவாளிக்கு இது எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. அவர் கையில் வந்தது முன்பணம். அதைக் கழிக்கத் துணி நெய்து கொடுத்தார், அவ்வளவுதான்.

இதே துணியைக் கிழக்கே ஆச்சே, கெடா, மலாக்கா வரை கொண்டு போனவர்கள் நம் மரைக்காயர்கள். மஹ்மூது பந்தர் என்று முஸ்லிம்களும், போர்ட்டோ நோவோ என்று ஐரோப்பியரும் அழைத்த பரங்கிப்பேட்டை அவர்களின் முக்கியத் துறைமுகங்களில் ஒன்று. அவர்களை மறுபடி கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

நவாபின் கடன்

இந்தப் பகுதியை ஆண்ட ஆற்காட்டு நவாப் முஹம்மது அலி வாலாஜா ஒரு முஸ்லிம் என்பதற்காக அவரைப் பற்றிய உண்மையை மறைக்க வேண்டியதில்லை. தன் போட்டியாளர்களை அடக்கக் கம்பெனிப் படையை வாடகைக்கு வைத்துக்கொண்டார். அந்தச் செலவுக்கும் தன் ஆடம்பரத்துக்கும் சென்னையில் இருந்த கம்பெனி ஊழியர்களிடமே கடுமையான வட்டிக்குக் கடன் வாங்கினார். கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது கிராமங்களின் நிலவரி வசூலை. அதாவது வட்டி கட்டியவர் நவாப் அல்ல, ஏர் பிடித்தவர். வட்டியைப் பற்றி மார்க்கம் சொல்வதைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது இந்த வரலாற்றையும் சேர்த்துச் சொல்லலாம்.

கடன் கொடுத்தவர்களில் பெரிய ஆள் பால் பென்ஃபீல்டு. அந்தப் பணத்தைக் கொண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கே போனார். நவாபின் கடன்களை முறையாக விசாரிக்காமலே கர்நாடக வரி வருவாயிலிருந்து அடைக்கப் பிரிட்டிஷ் அரசு உத்தரவிட்டபோது, 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்கில் பேசி அதைக் கிழித்தார். பலன் இல்லை. 1801ல் நவாபின் ஆட்சி உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. தென்னாற்காடு முழுவதும் அவர்கள் கைக்குப் போனது. அதன் பிறகு ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்து கடன் பத்திரங்களைப் பரிசோதித்தது. வந்த கோரிக்கைகள் 3 கோடி பவுண்டுக்கு மேல். செல்லும் என்று ஏற்கப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வளர்ந்த நாடு

பிரிட்டன் இயந்திரம் கண்டுபிடித்ததால் முன்னேறியது, நாம் கைத்தறியோடு நின்றதால் பின்தங்கினோம் என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். பொய்யல்ல, பாதி உண்மை. நூற்பு இயந்திரங்களும் நீராவியும் மான்செஸ்டர் துணியின் விலையை அடியோடு குறைத்தன என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இயந்திரங்கள் வளர்ந்த காலம் முழுவதும் அவற்றைச் சுற்றி வேலி போட்டது யார்?

1700ல் போட்ட சட்டம் இந்திய அச்சுத் துணிகளை இங்கிலாந்தில் பயன்படுத்த இறக்குமதி செய்வதைத் தடுத்தது. 1721ல் இன்னொரு சட்டம் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதையே தடை செய்தது. பிறகு தடை போய் வரி வந்தது. 1813 வாக்கில் இந்தியத் துணிகள் மீது 70, 80 சதவீதம் வரை சுங்கம் இருந்தது என்று எழுதியவர் வில்சன் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரே. அந்த வரி இல்லாவிட்டால் மான்செஸ்டர் ஆலைகள் தொடக்கத்திலேயே நின்றிருக்கும் என்பது அவர் கருத்து. அதே காலத்தில் பிரிட்டிஷ் துணி இந்தியாவுக்குள் வர மிகக் குறைந்த சுங்கம் கட்டினால் போதும்.

இது போதாது என்று சென்னை மாகாணத்தில் தறிக்கும் வரி இருந்தது. 'மோத்தர்பா' என்று பெயர். தொழில் செய்வோரைக் குறிக்கும் 'முஹ்தரிஃபா' என்ற அரபுச் சொல்லின் திரிபு அது. பழைய ஆட்சிகள் விட்டுப் போன வரிதான். கம்பெனி அதைத் தூக்கி எறியாமல் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வசூலித்தது. தன் நாட்டு ஆலைக்குச் சலுகை, நம் தறிக்கு வரி.

பின்னாளில் இந்தியாவிலேயே ஆலைகள் எழுந்தபோதும் கதை மாறவில்லை. 1896ல் அரசின் வருமானத்துக்காக இறக்குமதித் துணிக்கு மூன்றரை சதவீத வரி போட்டார்கள். மான்செஸ்டர் முதலாளிகள் கூச்சலிட்டதால், இந்திய ஆலைத் துணிக்கும் அதே மூன்றரை சதவீதத்தை உற்பத்தி வரியாக வைத்தார்கள். உள்ளூர்க்காரனுக்கு எந்தச் சாதகமும் இருந்துவிடக் கூடாதாம். 1925ல்தான் அது போனது.

பரங்கிப்பேட்டையின் இரும்பு உலை

துணிக் கதை பலருக்கும் தெரிந்தது. நம் மாவட்டத்து இரும்புக் கதை அவ்வளவாகத் தெரியாது.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் சென்னை மாகாணத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்தவர். சேலம் பகுதியில் கிராமத்துக் கொல்லர்கள் சின்னஞ்சிறு மண் உலைகளில் இரும்பு எடுப்பதையும், அதை மூசையில் அடைத்து உருக்கு செய்வதையும் கவனித்தார். ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று கொண்டாடிய எஃகு அதுதான். தென்னிந்தியாவில் வழங்கிய உருக்கு, உக்கு என்ற சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆனது என்பார்கள். இந்தத் தாதுவை ஐரோப்பிய முறையில் பெரிய உலையில் உருக்கினால் உலகத்துக்கே விற்கலாம் என்று ஹீத் நினைத்தார். வேலையை விட்டார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்யும் தனி உரிமையைக் கம்பெனியிடம் பெற்றார், கடனும் பெற்றார். 1830ஐ ஒட்டிப் பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்று முகத்துவாரத்தருகே உலை எழுந்தது. தாது சேலத்திலிருந்து காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரிசல்களில் வந்தது. எரிபொருள் மரக்கரி. உருக்கிய இரும்பு இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வரை போனது. தரத்தைப் பற்றி யாரும் குறை சொல்லவில்லை.

ஆனாலும் தொழிற்சாலை நிற்கவில்லை. தாது கிடைக்கும் இடத்துக்கும் உலைக்கும் இடையே நூறு மைலுக்கு மேல். ஒரு டன் இரும்புக்கு அதைப்போல் பல மடங்கு எடையுள்ள கரி வேண்டும். அருகிலிருந்த காடு தீரத் தீரக் கரியின் விலை ஏறியது. ஹீத் நல்ல நிர்வாகியும் அல்ல என்றே தெரிகிறது. கம்பெனி கை மாறியது, பெயர் மாறியது, மேலும் மேலும் கடனில் ஓடியது. 1860களில் உலை அணைந்தது.

இதை எல்லாம் பார்த்துவிட்டு, "பார்த்தீர்களா, இங்கே தொழில் சரிப்படாது" என்று முடிவு கட்டினால் முக்கியமான விஷயத்தை விட்டுவிடுவோம். உலை தள்ளாடிக்கொண்டிருந்த அதே 1850களில்தான் இந்தியாவில் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். சென்னை ராயபுரத்திலிருந்து முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1ல். ஆயிரக்கணக்கான மைல் தண்டவாளம், பாலம், இயந்திரம் தேவைப்பட்டன. ஓர் அரசு மனது வைத்தால் உள்ளூர் இரும்புத் தொழிலைத் தூக்கி நிறுத்த இதைவிடப் பெரிய வாய்ப்பு கிடையாது. தண்டவாளங்கள் பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தன. ரயில் கம்பெனிகளின் பங்குதாரர்களுக்கு, ரயில் லாபத்தில் ஓடினாலும் நட்டத்தில் ஓடினாலும் 5 சதவீதம் உறுதி என்று அரசு வாக்குக் கொடுத்தது. குறைந்தால் ஈடுகட்டியது இந்திய வரிப்பணம்.

பிரிட்டன் தன் இரும்பை எப்படி வளர்த்தது? நெப்போலியன் போர்களுக்குப் பிறகு வெளிநாட்டு இரும்புக்கு டன்னுக்கு 6 பவுண்டுக்கு மேல் சுங்கம் வைத்து வளர்த்தது. தன் தொழில் யாரும் தொட முடியாத உயரத்துக்குப் போன பிறகு, 1846க்குப் பின்தான், 'எல்லா நாடுகளும் வரியைக் குறைத்துத் தாராளமாக வணிகம் செய்ய வேண்டும்' என்று உபதேசம் தொடங்கியது. ஏறிய ஏணியை எட்டி உதைப்பது என்று ஜெர்மானியப் பொருளியலாளர் ஃப்ரெடரிக் லிஸ்ட் 1841லேயே இதைக் கண்டித்திருக்கிறார்.

பரங்கிப்பேட்டை உலையின் முதலாளி வெள்ளைக்காரர். அதனால் தோல் நிறத்தை மட்டும் வைத்து இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது என்று நாம் கருதுகிறோம். அவர் உலை ஷெஃபீல்டில் இருந்திருந்தால் அதற்குப் பின்னால் ஓர் அரசு நின்றிருக்கும். இங்கே இருந்த அரசுக்குக் கடன் கொடுத்து வேடிக்கை பார்க்கத் தெரிந்தது. நிலவரி வேண்டும், பிரிட்டிஷ் சரக்குக்குச் சந்தை வேண்டும், அதற்கு மேல் இந்த மண்ணில் என்ன வளர்கிறது என்ற கவலை அதற்கு இல்லை.

ஹீத் ஊர் திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகின் விலை அதனால் பெரிதும் குறைந்தது. ஆனால் அவரது முறையைச் சிறிது மாற்றி மற்றவர்கள் பயன்படுத்த, வழக்காடியே நொடிந்து 1851ல் இறந்தார். சேலத்துக் கொல்லர்களின் உலைகளும் மெல்ல மறைந்தன. அவர்களின் பெயரைக்கூட யாரும் எழுதி வைக்கவில்லை.

நம் கப்பல்கள்

1786ல் ஆங்கிலேயர் பினாங்கைப் பிடித்தபோது அங்கே முதலில் கடை விரித்தவர்களில் நம்மவர்கள் உண்டு. பினாங்கின் புகழ் பெற்ற கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்கு 1801ல் நிலம் பெற்ற காதர் முஹ்யித்தீன் மரைக்காயர் பரங்கிப்பேட்டைக்காரர். சொந்தக் கப்பலில் வணிகம் செய்த சமுதாயம் இது.

அந்தக் கப்பல்கள் எங்கே போயின? பாய்மரத்தை நீராவி வென்றது ஒரு காரணம். ஆனால் இங்கும் சட்டம் ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. பிரிட்டிஷ் கப்பலுக்குரிய சலுகை வேண்டுமானால் மாலுமிகளில் நான்கில் மூன்று பங்கினர் பிரிட்டிஷாராக இருக்க வேண்டும். 'லஸ்கர்' எனப்பட்ட இந்திய மாலுமிகள், பிரிட்டிஷ் ஆட்சியின் குடிமக்களாகவே இருந்தாலும், அந்தக் கணக்கில் சேரமாட்டார்கள் என்று 1823ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. லண்டன் போகும் கப்பல்களைத்தான் இது நேரடியாகப் பாதித்தது. மரைக்காயர்களின் கிழக்குக் கடலில் அடி வேறு விதமாக விழுந்தது. பிரிட்டிஷ் இந்தியா நேவிகேஷன் போன்ற நீராவிக் கம்பெனிகளுக்கு அரசுத் தபால் ஒப்பந்தப் பணம் கிடைத்தது. எதிரே நின்றவருக்கு அல்லாஹ்வின் காற்று மட்டும்தான்.

இதை எதிர்த்து வ.உ.சி. 1906ல் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது 2 லட்சம் ரூபாய்க்கு 8,000 பங்குகளை வாங்கியவர் ஹாஜி முஹம்மது பக்கீர் சேட். நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய பெயர். பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது, இலவசமாகவும் ஏற்றியது. 1908ல் வ.உ.சி. சிறைக்குப் போனார், 1911க்குள் கம்பெனி கலைந்தது. பினாங்குக்குக் கப்பலோட்டிய ஊர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொருவர் கப்பலில் டிக்கெட் எடுத்துச் சபராளிகளாகப் போனார்கள்.

அப்படியானால் நன்மையே இல்லையா?

இருக்கிறது. ஆர்தர் காட்டன் 1836ல் கொள்ளிடத்தில் கட்டிய கீழணை இன்றும் காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தருகிறது. வீராணம் ஏரிக்கும் அதுவே ஆதாரம். ரயிலும் தேவையில்லாதது என்று சொல்ல முடியாது. காட்டன் ஆங்கிலேயர்தான், ரயிலைவிடப் பாசனத்துக்கும் கால்வாய்க்கும் பணம் போடுங்கள் என்று கடைசிவரை லண்டனோடு சண்டை போட்டவர். பஞ்ச காலத்தில் அவர் சொன்னது சரி என்று பலருக்குப் புரிந்தது.

45 டிரில்லியன் டாலர் கணக்குக்கும் வருவோம். பொருளியலாளர் உத்சா பட்நாயக் போட்டது அது. 1765 முதல் 1938 வரை இந்தியாவிலிருந்து ஈடில்லாமல் போனதாக அவர் கணித்த தொகையை 5 சதவீதக் கூட்டு வட்டியில் இன்றுவரை பெருக்கியிருக்கிறார். பெரும் பகுதி வட்டியின் பெருக்கம். ஆகவே அந்த எண்ணை அப்படியே சத்தியம் பண்ண வேண்டாம். தீர்த்தங்கர் ராய் போன்ற வரலாற்றாசிரியர்கள் இத்தகைய கணிப்பை ஏற்பதும் இல்லை. ஆனால் எண்ணில் தகராறு இருப்பதால் பணமே போகவில்லை என்று ஆகிவிடாது. லண்டனில் இருந்த இந்தியா அலுவலகச் செலவு, அதிகாரிகளின் ஓய்வூதியம், ரயில் வட்டி, 1857 எழுச்சியை நசுக்கிய செலவு, எல்லாம் நம் கணக்கில்தான் எழுதப்பட்டன. 1867ல் துருக்கி சுல்தான் அப்துல் அஜீஸ் லண்டன் வந்தபோது இந்தியா அலுவலகத்தில் அவருக்குக் கொடுத்த விருந்து நடனத்தின் செலவும் இந்திய வருவாயிலிருந்தே போனது. கலீஃபாவுக்கு யார் காசில் விருந்து என்று அன்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

நெய்வேலியும் 1894ம்

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கறுப்புத் துகள்கள் வந்தன. 1940களில் துளையிட்டுப் பார்த்தார்கள். சுரங்கம் வந்தது விடுதலைக்குப் பிறகே: 1956ல் நிறுவனம் தொடங்கியது, 1957 மே 20ல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார், 1962ல் சோவியத் உதவியோடு மின்சாரம் வந்தது. அரசு பின்னால் நின்றால் என்ன நடக்கும் என்பதற்குப் பரங்கிப்பேட்டைக்கு எதிரான சாட்சி நெய்வேலி. காடாம்புலியூர் வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்தச் சம்பளத்திலும், அதைச் சார்ந்த கடைகளிலும் நிமிர்ந்தன.

ஆனால் அதற்கு நிலம் எடுக்கப்பட்ட காலத்தில் நடைமுறையில் இருந்தது, ஆங்கிலேயர் 1894ல் போட்ட நிலமெடுப்புச் சட்டம். 'பொது நோக்கம்' என்று அரசு சொன்னால் போதும். நிலக்காரர் ஆட்சேபிக்கலாம், மறுக்க முடியாது. மாற்றுக் குடியிருப்பு தரவேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. சந்தை விலைக்கு மேல் ஆறுதல் தொகை 15 சதவீதம். 1984ல் 30 ஆனது. விடுதலை பெற்ற நாடு 66 ஆண்டுகள் அந்தச் சட்டத்தை வைத்தே தன் மக்களின் நிலத்தை எடுத்தது. 2013ல் வந்த புதிய சட்டம் 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆறுதல் தொகை 100 சதவீதம், மறுவாழ்வும் கட்டாயம்.

2023 ஜூலையில் வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் கால்வாய் தோண்ட இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். நிலம் முன்பே எடுக்கப்பட்டு இழப்பீடும் கொடுக்கப்பட்டது என்றது நிறுவனம். பழைய விலை, வேலை தரவில்லை என்றார்கள் விவசாயிகள். எந்த ஆண்டு, எந்தச் சட்டத்தில் எடுத்தார்கள் என்பதை வைத்தே இந்தத் தகராறில் பாதி முடிவாகிறது. தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்காக நிலம் எடுக்க 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் ஒன்றும் இருக்கிறது. ஆகவே நம் வட்டாரத்தில் யாருக்காவது நிலமெடுப்பு நோட்டீஸ் வந்தால், தொகையைப் பார்ப்பதற்கு முன் மேலே எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள். ஆட்சேபணை கொடுக்கும் கெடுவும் அதிலேயே இருக்கும். பட்டா, சிட்டா, பத்திர நகல்களோடு அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.